கொம்பு பார்த்தாச்சு

செப்டம்பர் 2, திங்கள்

தீசிஸ் முன்னுரை நகரவில்லை. "எதையாவது தினமும் எழுதும்மா. உங்கம்மாவுக்குப் புரியற மாதிரி எழுதிப் பழகு" என்றார் வசுமதி மேடம். என் வழிகாட்டி. நான்கு ஆண்டுகளாக அவர் சொன்னதைத்தான் செய்கிறேன்.

சரி. அம்மா, மூளைக்குள் தண்ணீர் இருக்கிறது. அது சும்மா நிற்பதில்லை. நரம்பிழையை ஒட்டி நீளவாக்கில் எளிதாக நகரும். குறுக்கே நகரச் சிரமப்படும். ஸ்கேனர் அந்த நகர்வின் திசையைப் பிடிக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு குச்சி. குச்சிகளைத் தொடுத்தால் நூல். நூல்கள் சேர்ந்தால் மூளையின் வழித்தடங்கள். மண்டையைத் திறக்காமலே பார்க்கலாம். இதைத்தான் உன் மகள் சென்னையில் செய்துகொண்டிருக்கிறாள். கல்யாண வீட்டில் யாராவது ஜெர்லின் என்ன செய்கிறாள் என்று கேட்டால் இப்படிச் சொல்.

இன்று ஸ்கேனருக்குப் புது மென்பொருள் ஏற்றினார்கள். சோதனைக்கு நான் உள்ளே படுத்தேன். எந்திரத்தில் எதை மாற்றினாலும் எங்களில் ஒருவர் தலையைக் கொடுப்பது இங்கே வழக்கம். இரைச்சல். மூக்கு அரிப்பு. அசையக் கூடாது.

மதியம் என் மூளையை வரைந்து பார்த்தேன். கொம்பு தப்பு.

கொம்பு என்பது எங்கள் ஆய்வகத்துச் சொல். மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பாலம் முன்னால் இரண்டாக வளைந்து விரியும், மாட்டுக்கொம்பு போல. பின்னாலும் அப்படியே. என் படத்தில் அவை விரியவில்லை. உள்வாங்கி, பாதியில் அறுந்து நின்றன. புது மென்பொருள் இடவல அச்சைத் திருப்பி எழுதுகிறது. தலை சரியாகத்தான் இருக்கிறது. குச்சிகள் மட்டும் கண்ணாடியில் பார்த்தது போல எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகின்றன. நிறம் காட்டிக்கொடுக்காது. இடப்பக்கம் சாய்ந்தாலும் வலப்பக்கம் சாய்ந்தாலும் ஒரே சிவப்பு. கொம்பைப் பார்த்தால்தான் தெரியும்.

நிரலில் ஒரு கழித்தல் குறி சேர்த்தேன். சரியாகிவிட்டது. நிரல் நான் எழுதியது. ஆய்வகம் முழுவதும் பொதுக் கோப்புறையிலிருந்து அதைத்தான் எடுத்து ஓட்டுகிறது. அங்கேயும் மாற்ற வேண்டும். எல்லாரும் பழைய ஸ்கேன்களில்தான் வேலை செய்கிறார்கள். அவசரமில்லை.

நாளை.

செப்டம்பர் 3, செவ்வாய்

மேடம் கேக் வாங்கி வந்தார். நித்திலாவின் படம் ஹைதராபாத் மாநாட்டு மலரின் அட்டையில் வருகிறதாம்.

நித்திலா இரண்டாம் ஆண்டு. கோபிச்செட்டிப்பாளையம். என் பக்கத்து மேசை. வந்த புதிதில் நான்தான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். மற்றவர்கள் வரைந்தால் நூல்கள் கொட்டிய சேமியா போல இருக்கும். அவள் நூல்களுக்கு நிழல் போடுகிறாள். எது முன்னால், எது பின்னால் என்று கையை விட்டுத் துழாவலாம் போல இருக்கிறது.

நன்றாகத்தான் இருக்கிறது.

அட்டையில் இருப்பது என் மூளை. சென்ற ஆண்டு நான் கொடுத்த தலை. கீழே 'படம்: நித்திலா' என்று இருக்கிறது. தலைக்கு நன்றி சொல்லும் வழக்கம் இல்லை.

"உங்க தலை அட்டையில வருதுங்கக்கா!"

"எல்லாம் தலையெழுத்து" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

கேக்கில் கிரீமை வழித்துப் போட்டுவிட்டு அடியை மட்டும் சாப்பிட்டேன்.

கோப்புறை: நாளை.

செப்டம்பர் 6, வெள்ளி

மேடம் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஜெர்லின், இனிமே சர்ஜரி படங்கள நித்திலா பண்ணட்டும். நீ தீசிஸ முடி. டாக்டர் ஹபீபுக்கும் அவ ஸ்டைல் பிடிச்சிருக்கு."

அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர்களுக்கு வழித்தடப் படம் செய்து கொடுப்பது மூன்று ஆண்டுகளாக என் வேலை. கட்டி எங்கே, அதை ஒட்டி எந்த நூல் போகிறது, எந்தப் பக்கமாகப் போனால் சேதமில்லை. டாக்டர் ஹபீப் என் படங்களைப் பார்த்து "ம்" என்பார். அது பாராட்டு என்று நினைத்திருந்தேன்.

"இரண்டாம் கண்ணா நீ இரு" என்றார் மேடம்.

எங்கள் விதி அது. வரைந்தவர் தன் படத்தில் தப்பைக் காண மாட்டார். ஆகவே எந்தப் படமும் வெளியே போகுமுன் இன்னொருவர் திறந்து கொம்பைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஆய்வகக் குழுவில் ஒரு சொல் போட வேண்டும்: பார்த்தாச்சு. அந்தச் சொல் விழுந்த பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை.

"சரி மேடம்."

மாலை மழை. குடை ஆய்வகத்தில் இருந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை, அவள் இன்னும் அங்கே இருந்தாள்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. விடுதியில் கொழுக்கட்டை. அம்மா அழைத்தாள்.

"வல்லதும் தின்னியா மக்ளே?"

"தின்னேன்."

"கொரலு ஏன் இப்படி இருக்கு? அந்தக் கோபிக்காரப் புள்ள வல்லதும் சொன்னாளா?"

"அவ என்ன சொல்ல? ரொம்ப நல்லவ."

"பின்ன ஒனக்கு என்ன?"

அதுதான் எனக்கு, அம்மா. அவள் ரொம்ப நல்லவள்.

செப்டம்பர் 11, புதன்

நித்திலா ஊரிலிருந்து ஒப்புட்டு கொண்டுவந்திருந்தாள். நெய் வாசம் ஆய்வகம் முழுவதும். இனிப்பு சாப்பிடுவதில்லை என்றேன்.

"எப்ப இருந்துங்கக்கா?"

"கொஞ்ச நாளா."

மாலை டீக்கடையில் இரண்டு பன் பட்டர் ஜாம் சாப்பிட்டேன். நின்றபடி, முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு.

செப்டம்பர் 16, திங்கள்

இன்று ஸ்கேன் முறை எனக்கு. நோயாளி பெயர் தணிகாசலம். திருத்தணிப் பக்கம். பொக்லைன் ஓட்டுகிறவர். இடப்பக்க மூளையில் கட்டி. வலக்கையின் பிடி ஒரு மாதமாகத் தளர்ந்துவருகிறது. சட்டைப் பொத்தானை மனைவி அமுலு போட்டுவிட்டார்.

"டாக்டரம்மா, உள்ள எம்மா நேரம்?"

"நான் டாக்டர் இல்லீங்க. படம் செய்யறவ."

"அப்ப நல்லா ஸ்மைல் பண்ணணுமா?"

அமுலு அவர் தோளில் ஒரு தட்டு தட்டினார். "வாய மூடிக்கினு படு. ஆடாத."

ஆடாமல் படுத்திருந்தார். வெளியே வந்ததும் வலக்கையை நீட்டி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார், என்னவோ நான் கேட்டதைப் போல. மோதிர விரல் மடங்கப் பிந்தியது.

"இது லிவர் புடிக்கிற கை மேடம். இது இல்லன்னா நான் வண்டிய கழுவத்தான் லாயக்கு."

புது மென்பொருளுக்குப் பிறகு வரும் முதல் அறுவை நோயாளி. தரவை நித்திலாவுக்கு அனுப்பிவிட்டேன்.

அவளிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. அப்போது அவள் நவம்பரில் ஹைதராபாத் மாநாட்டுக்குப் போவது பற்றி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 18, புதன்

தணிகாசலத்தின் படம் மின்னஞ்சலில் வந்தது. பார்த்தாச்சு என்று போட்டேன். மேடம் கட்டைவிரல் காட்டினார்.

துணி துவைத்தேன். நீல சுரிதாரில் சாயம் இறங்குகிறது.

செப்டம்பர் 19, வியாழன்

"கொம்பு சரியா இருந்துச்சுங்களாக்கா? பின்னாடி கொம்பு எனக்குக் கொஞ்சம் டவுட்டாவே இருந்துச்சு."

"ம்."

"தேங்க்ஸ்ங்கக்கா. நீங்க பாத்துட்டா எனக்குத் தூக்கம் வந்துரும்."

செப்டம்பர் 20, வெள்ளி

டாக்டர் ஹபீப் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். மூன்று ஆண்டுகளில் என் மேசைக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. நித்திலாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார்.

"பியூட்டிஃபுல்மா. கைக்குப் போற நூல்கட்டு கட்டிக்கு உள்பக்கமா போகுது. அப்ப நான் வெளிப்பக்கமா உள்ள போயிடலாம். நீட்."

அறுவை 26, வியாழன். அதற்கு முந்தின நாள் பதினொரு மணிக்குக் கூட்டம்.

நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பினால் அந்தப் படம் தெரியும். திருப்பவில்லை. கழுத்து வலிக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

பிற்பகல் பெட்டியில் இருந்த மின்னஞ்சல்களை அழித்தேன். வங்கி, ஜவுளிக்கடை, ரயில்வே. வாசிக்காதவை தடித்த எழுத்தில் இருக்கும். எல்லாவற்றையும் அழித்த பின், புதன்கிழமை வந்த ஒன்று மட்டும் தடித்த எழுத்தில் மிச்சம் இருந்தது.

அதை அழிக்கவுமில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

மருத்துவமனைக் கேன்டீன். தணிகாசலமும் அமுலுவும். நாளை மறுநாள் அறுவை, இன்றே சேர்ந்துவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் தணிகாசலம் எழுந்து நின்றார்.

"மேடம்! படம் சூப்பரு. டாக்டரு காட்னாரு. மண்டைக்குள்ள ரோடு போட்ட மாதிரி. இந்தப் பக்கம் லைனு போவுது, நான் அந்தப் பக்கமா எறங்குவேன்னு சொன்னாரு."

"இவுரு ஒருவாட்டி திருவள்ளூர்ல தோண்டசொல்லோ போன் கேபிள அத்துட்டாரு" என்றார் அமுலு. "ஊருக்கே ரெண்டு நாள் போன் இல்ல."

"அது என் தப்பா? வரைஞ்சு குடுத்தவன் தப்பு. நமக்கு இன்னா, காட்டுன எடத்துல பக்கெட்ட எறக்குவோம்." சிரித்தார். டம்ளரை இடக்கையால் எடுத்தார்.

டீ குடித்தேனா என்று நினைவில்லை. மேலே வந்து அந்த மின்னஞ்சலைத் திறந்தேன்.

அழகாக இருந்தது. முதலில் எனக்குத் தெரிந்தது அதுதான். நிழல்கள், ஆழம், கட்டியைச் சுற்றி ஒரு மங்கல் ஒளி. அப்புறம் கொம்பு. முன்கொம்பு இல்லை. பின்கொம்பு உள்வாங்கி அறுந்து நின்றது. செப்டம்பர் இரண்டாம் தேதி என் தலையில் நின்றதே, அப்படியே.

அவள் பொதுக் கோப்புறையிலிருந்து எடுத்திருக்கிறாள். வேறு எங்கிருந்து எடுப்பாள்.

என் பிரதியில் ஓட்டினேன். கழித்தல் குறி உள்ள பிரதி. மூன்று மணி நேரம். கைக்குப் போகும் கட்டு கட்டிக்கு உள்பக்கம் இல்லை. வெளிப்பக்கமாக, கட்டியை அணைத்தாற்போல வளைந்து போகிறது. டாக்டர் ஹபீப் உள்ளே போகப்போகும் வழியிலேயே.

நித்திலா பக்கத்தில் இருந்தாள். காதில் பாட்டு. நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு ஏதோ நிறம் கலந்துகொண்டிருந்தாள்.

நாளைக் கூட்டத்தில் சொல்லலாம். அறுவை வியாழன்தானே. ஒரு நாள் இருக்கிறது. இப்போது சொன்னால் மேடம் அறைக்குள்ளேயே முடிந்துவிடும். கூட்டத்தில் எல்லாரும் இருப்பார்கள், டாக்டர் ஹபீபும். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம். முறைப்படி சொல்வதுதான் நல்லது.

'பார்த்தாச்சு' என்று போட்டிருக்கிறேனே என்று கேட்டால்: நான் பார்த்தது முதல் வடிவம், அவள் பிறகு மாற்றியிருக்கலாம்.

பச்சைப் பட்டுச் சுரிதாரை இஸ்திரி போட்டேன்.

செப்டம்பர் 25, புதன்

விடுதியில் இட்லிக்கு வரிசையில் நின்றேன். குழுவில் மேடத்தின் செய்தி. இன்றைய முதல் அறுவை ரத்து. தணிகாசலத்தை முன்னால் எடுத்துவிட்டார்கள். கூட்டம் மாலைக்கு.

தட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

டாக்டர் ஹபீப் போனை எடுக்கவில்லை. மேடம் வேறு அழைப்பில். ஆட்டோ. மத்திய கைலாஷ் சிக்னல் பச்சையாகவே மாட்டேன் என்றது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "யாருக்காச்சும் சீரியஸாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

அறுவை அரங்கின் வாசலில் செவிலியர் கையை நீட்டி மறித்தார்.

"உள்ள போகக்கூடாதும்மா. சார் கை கழுவிட்டிருக்காரு."

"போய்ச் சொல்லுங்க. படம் தப்பு. கத்தி வைக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"யாரு படம்?"

"எங்க படம்."

டாக்டர் ஹபீப் முழங்கை வரை ஈரமாக, கைகளை உயர்த்தியபடியே கதவருகில் வந்தார். அதற்குள் நித்திலாவும் மாடிப்படி ஏறி ஓடி வந்திருந்தாள். அறுவையைப் பக்கத்து அறையிலிருந்து பார்க்க அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள்.

"என்ன தப்பு?"

"திசை திரும்பிடுச்சு சார். கைக்குப் போற கட்டு உள்பக்கம் இல்ல. வெளிப்பக்கம். நீங்க போகப்போற வழியில."

அவர் என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மயக்கம் குடுத்தாச்சு. சரியான படம் எவ்வளவு நேரத்துல வரும்?"

"இப்பவே இருக்கு சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று கேட்டது. டாக்டருக்கு யோசிக்க நேரமில்லை. "கொண்டா" என்றார். நித்திலாவுக்கு நேரமிருந்தது. அந்தப் படத்துக்கு நிரல் மூன்று மணி நேரம் ஓட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

மடிக்கணினியை அவளே என் பையிலிருந்து எடுத்துத் திறந்தாள். கொம்பைப் பார்த்தாள். நான்கு கொம்பும். பிறகு உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வாசல் பெஞ்சில் அமுலு. நானும் அதே பெஞ்சில். அவர் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பட்டுச் சுரிதாரைப் பார்த்து, "எங்கனா விசேசமாம்மா?" என்றார்.

மாலைக் கூட்டம். மேடம் முகம் வெளுத்திருந்தது.

"பொதுக் கோப்புறை நிரல் புது மென்பொருளுக்கு ஏத்த மாதிரி மாறல. சரி. ஆனா கொம்பு? இரண்டாம் கண் பார்த்தாச்சுன்னு போட்டிருக்கே?"

நான் வாயைத் திறக்குமுன் நித்திலா பேசினாள்.

"அக்கா பாத்தது வேற வெர்ஷனுங்க மேடம். அதுக்கப்புறம் நான் திரும்ப ஓட்டுனேன். மறுபடி காட்டாம அனுப்பிட்டேன். என் தப்புங்க."

என்னைப் பார்க்காமல் சொன்னாள். நேற்று நான் எனக்காக இஸ்திரி போட்டு வைத்த பொய். அதை அவள் எடுத்து எனக்கே உடுத்திவிட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இனிமே சர்ஜரி படங்கள ஜெர்லினே பண்ணட்டும்" என்றார் மேடம். டாக்டர் ஹபீப் என் பக்கம் திரும்பினார். "நல்ல வேளைம்மா. நீங்க பார்த்தீங்க."

எல்லாம் நான் கேட்டபடியே கிடைத்தது. பொய்கூட அவளுக்குத்தான் அழகாக வருகிறது.

செப்டம்பர் 26, வியாழன்

"அந்த டேட்டா பாஸ்வேர்டு என்ன நித்திலா?"

"எழுதி வெச்சிருக்குதுங்க."

'அக்கா' இல்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

தணிகாசலத்தின் கட்டியை முக்கால்வாசி எடுத்துவிட்டார்கள். வழித்தடத்தை ஒட்டிய பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டார் டாக்டர். வலக்கை இன்னும் அசையவில்லை. வீக்கம் வற்றினால் தெரியும் என்கிறார்கள். தெரியாமலும் போகலாம்.

வார்டின் கதவு வரை போனேன். அமுலு அவர் வலக்கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். உள்ளே போகவில்லை.

ஆய்வகத்தில் என் மேசையில் அடுத்த நோயாளியின் தரவு. என் வேலை. என் மேசை. இரண்டு மணி நேரம் திரையைப் பார்த்தபடி இருந்தேன். அவளைப் போல நிழல் போட முயன்றேன். சேமியா.

செப்டம்பர் 28, சனி

சனிக்கிழமை யாரும் வருவதில்லை. நாங்கள் இருவர் மட்டும்.

"ஏன் அப்படிச் சொன்ன?" என்றேன்.

அவள் காதிலிருந்து கம்பியை எடுத்தாள்.

"எதுங்க?"

"கூட்டத்துல."

நாற்காலியைத் திருப்பினாள். கோபமாகக்கூட இல்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க நிரல் பிரதியில தேதி இருக்குதுங்க. செப்டம்பர் ரெண்டு. உங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரியல, ஏன்னா நீங்க சொல்லல. சரி, மறந்துட்டீங்கன்னு வெச்சுக்கலாம். அனுப்புன படத்த நீங்க தொறக்கவே இல்ல. தொறந்திருந்தா உங்களுக்கு ஒரு நொடியில தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் டவுட்டு வந்தும் கேட்டுட்டு விட்டுட்டேன். நீங்க பாத்தீங்கன்னு நம்பிட்டேன்."

"அப்ப எனக்காக ஏன் பொய் சொன்ன?"

"உங்களுக்காக யாருங்க சொன்னா? நான் சொல்லி முடிச்சதும் நீங்க இல்லைன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தேன். முப்பது வரைக்கும் எண்ணுனேன். அதுக்குள்ள மேடம் அடுத்த விசயத்துக்குப் போயிட்டாங்க."

கம்பியை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போனேன். நடுவில் எழுந்து வந்துவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து குழுவில் எழுதினேன். நான்கு முறை அழித்தேன். ஐந்தாவது:

'18ஆம் தேதி தணிகாசலத்தின் படத்தை நான் பார்க்கவில்லை. திறக்கவே இல்லை. வேறு வடிவம் எதுவும் கிடையாது. அச்சு திரும்புவது 2ஆம் தேதியே எனக்குத் தெரியும். பொதுக் கோப்புறையை நான் மாற்றவில்லை. 24ஆம் தேதி தப்பைக் கண்டும் மறுநாள்வரை சொல்லவில்லை. நித்திலாவிடம் தப்பு இல்லை.'

அனுப்பினேன். பார்த்தவர்கள் பட்டியலில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பேருந்து வந்தது. ஏறாமல் விட்டேன். அடுத்ததும் வந்தது.

பிறகு பொதுக் கோப்புறையைத் திறந்து அந்தக் கழித்தல் குறியைச் சேர்த்தேன். போனிலேயே முடிந்தது. ஒரே ஒரு எழுத்து.

செப்டம்பர் 30, திங்கள்

மேடம் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஏன்?"

பதில் தயாராக இருந்தது. களைப்பு, தீசிஸ், கவனப்பிசகு. எதையும் சொல்லவில்லை.

"அவ படத்தப் பார்க்க என்னால முடியல மேடம்."

"நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சர்ஜரி படங்கள் நித்திலாவுக்கே போகுது. உன் தீசிஸ் ஒரு செமஸ்டர் தள்ளிப் போகும். டாக்டர் ஹபீபுக்கு நான் சொல்றேன். தணிகாசலத்துக்கு நீ போய்ச் சொல்லு. நான் கூட வர மாட்டேன்."

அக்டோபர் 1, செவ்வாய்

சொன்னேன்.

தலையில் கட்டு. ஒரு கண் வீங்கியிருந்தது. நிதானமாகக் கேட்டார்.

"அப்ப மொதல்ல குடுத்தது தப்பு."

"ஆமா."

"அப்பால குடுத்தது ரைட்டு."

"ஆமா."

"மொத படத்த நீ பாக்கணும். அதான் உன் வேல."

"ஆமாங்க."

"ஏன்மா பாக்கல?"

மேடத்திடம் சொன்ன பதிலை இவரிடம் சொல்ல முடியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அமுலு பிளாஸ்கிலிருந்து எனக்காக ஊற்றத் தொடங்கியிருந்த டீயைத் திரும்ப உள்ளேயே ஊற்றி, மூடியை இறுக்கித் திருகினார்.

அக்டோபர் 4, வெள்ளி

கட்டைவிரல் அசைகிறதாம். ஆட்காட்டி விரலும் கொஞ்சம். குழுவில் மேடம் போட்டிருந்தார்.

கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 9, புதன்

புது நோயாளி. பேச்சு நரம்புக்குப் பக்கத்தில் கட்டி. நித்திலா படம் முடித்துவிட்டாள். என்னை இரண்டாம் கண் பொறுப்பிலிருந்தும் எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். மதியம் என் பெட்டியில் அவள் மின்னஞ்சல்.

"தப்பா அனுப்பிட்டியா?" என்றேன்.

"இல்லீங்க. உங்களுக்குத்தான். மேடத்துகிட்ட நான்தான் கேட்டேன்."

"ஏன்?"

அவள் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"என் படத்துல ஒரு தப்பு இருக்கணும்னு உங்கள மாதிரி யாரு வேண்டிக்கிட்டு உட்காருவாங்க? மத்தவங்க எல்லாம் சூப்பர்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. நீங்க பாருங்க. நல்லாப் பாருங்க."

அவள் சொன்னதில் தப்பு இல்லை.

திறந்தேன்.

இட முன்கொம்பு. வல முன்கொம்பு. பின்கொம்புகள். விரிந்து, வளைந்து, அறுபடாமல். கட்டியைச் சுற்றிப் பார்த்தேன். பேச்சுக்கான கட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது. மூலத் தரவைத் திறந்து குச்சி குச்சியாக ஒப்பிட்டேன். தலையைத் திருப்பிக் கவிழ்த்துப் பார்த்தேன். நிழலை அணைத்துவிட்டுப் பார்த்தேன். நிழல் இல்லாமலும் நன்றாக இருந்தது. டீ ஆறி ஆடை கட்டியது. ஆய்வகத்தில் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் மட்டும் போகவில்லை.

ஒரு தப்பு. ஒன்றே ஒன்று. தேடினேன்.

இல்லை.

நெஞ்சில் அந்தப் பழைய இடத்திலேயே வலித்தது. குறையவில்லை.

குழுவைத் திறந்து எழுதினேன்: பார்த்தாச்சு.

பக்கத்து மேசையில் அவள் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். பையை மாட்டிக்கொண்டாள்.

"போலாங்களா?" என்றாள். யாரை என்று சொல்லவில்லை. அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.